முந்திரிக் கடை பில் திரையில் சுஸ்டாண்ட் 5: ஒரு மதிப்பீடு

கடலூர், பண்ருட்டி பக்கம் உள்ள ஒரு முந்திரிக் கடையின் பில் திரையை எடுத்துக்கொள்வோம். மேல் பட்டையில் பில் எண்ணும், பில்லில் எத்தனை வரி ஏறியிருக்கிறது என்ற கணக்கும். இடப்பக்கம் சரக்குப் பட்டியல்: 180, 210, 240, 320 என்று முழுப் பருப்பு ரகங்கள், அதன் கீழே பாதி, துண்டு. வலப்பக்கம் ஏறிக்கொண்டிருக்கும் பில். அடியில் மொத்தத் தொகை, அதன் ஓரத்தில் எடை மெஷின் காட்டும் கிராம். இடப்பக்கம் ஒரு ரகத்தைத் தட்டினால் மேலே எண்ணிக்கை, வலப்பக்கம் வரி, கீழே தொகை மூன்றும் மாற வேண்டும். நான்கும் தனித்தனி காம்போனென்ட் (திரையின் ஒரு பகுதியை வரையும் நிரல் துண்டு). ஒன்றுக்குள் ஒன்று அடங்கியவையும் அல்ல.

இந்த அளவுத் திரையில் காம்போனென்டுகள் பகிரும் தகவலை வைக்க, ரியாக்டில் (வலைத் திரைகளைக் கட்டும் ஜாவாஸ்க்ரிப்ட் லைப்ரரி) இன்று கிடைப்பவற்றில் சுஸ்டாண்ட் லைப்ரரிதான் எங்கள் முதல் தேர்வு. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஸ்டோரிலிருந்து, அதாவது பகிரும் தகவல் இருக்கும் இடத்திலிருந்து, தகவலை எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும், எது வேண்டும் என்று சொல்லும் செலக்டரைச் சரியாக எழுத வேண்டும். அதில் அலட்சியமாக இருந்தால் இதை நிறுவியதன் பலன் பாதி போய்விடும். 5ஆம் பதிப்பில் திரையே நின்றும் போகலாம்.

முதலில், லைப்ரரி இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் பார்த்துவிட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு காம்போனென்டுக்கு ஒரே தகவல் தேவையென்றால், அவற்றுக்கு மேலே இருக்கும் பொதுவான காம்போனென்டில் யூஸ்ஸ்டேட் (மாறும் தகவலை வைக்க ரியாக்டே தரும் வசதி) வைத்து, ப்ராப்ஸ் (காம்போனென்டுக்குக் கொடுக்கும் மதிப்புகள்) வழியாகக் கீழே அனுப்பினால் போதும். இரண்டு படி வரை இது தெளிவாக இருக்கும். நான்கைந்து படி ஆனால், நடுவில் இருப்பவை தங்களுக்குத் தேவையே இல்லாத ப்ராப்ஸை வாங்கி வாங்கிக் கொடுக்கும். ஒரு பெயரை மாற்ற ஏழு கோப்பைத் திறக்க வேண்டிவரும்.

அதற்காகத்தான் 2018இல் ரியாக்ட் 16.3 உடன் நடுவில் இருப்பவற்றைத் தாண்டி நேரே தகவல் தரும் இன்றைய காண்டெக்ஸ்ட் வந்தது. கடையின் பெயர், தமிழா ஆங்கிலமா, உள்ளே நுழைந்திருப்பவர் யார் என்பது போன்ற எப்போதாவது மட்டுமே மாறும் தகவலுக்கு அதைவிட எளிய வழி இல்லை. பில் போன்ற நொடிக்கு நொடி மாறும் பொருளை அதில் வைத்தால்தான் சிக்கல். காண்டெக்ஸ்டின் மதிப்பு மாறினால், அதைப் படிக்கும் எல்லாக் காம்போனென்டும் மறுபடி ரெண்டர் ஆகும், அதாவது மீண்டும் ஓடி வரையப்படும். அந்த மதிப்புக்குள் தனக்கு வேண்டிய துண்டு மாறியதா என்று பார்க்கும் வசதி அதில் கிடையாது. மெமோ (தேவையற்ற ரெண்டரைத் தவிர்க்கும் ரியாக்ட் வசதி) போட்டு மூடினாலும் தடுக்காது. பில் எண்ணையும் வரிக் கணக்கையும் மட்டும் காட்டும் மேல் பட்டை, எடைக் கட்டத்தில் ஒவ்வொரு இலக்கம் அடிக்கும்போதும் வேலை செய்யும். காண்டெக்ஸ்டை மூன்று நான்காகப் பிரித்து இதைச் சமாளிக்கலாம்; ஆனால் பிரித்த பிறகு மிஞ்சுவது கையால் செய்த ஒரு ஸ்டோர்தான்.

சுஸ்டாண்ட் என்றால் ஜெர்மன் மொழியில் நிலை என்று பொருள். இதை உருவாக்கும் குழுவிடமிருந்தே வரும் ஜோட்டாய் என்ற பெயருக்கு ஜப்பானிய மொழியில் அதே பொருள்தான்; வால்டியோ என்பது ஃபின்னிஷில் அரசு என்ற பொருளில் வரும் ‘ஸ்டேட்’. எம்ஐடி உரிமத்தில் இலவசம். சுருக்கிய நிலையில் ஓரிரு கிலோபைட்டுக்குள் அடங்கும் என்பதால், விலை குறைந்த ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் ஓடும் கடைகளுக்கும் பாரமில்லை. 5ஆம் பதிப்பு 2024 அக்டோபரில் வந்தது. ரியாக்ட் 18 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

வேலை செய்யும் முறை எளிது. க்ரியேட் என்ற செயலியை (ஃபங்ஷன்) அழைத்து, அதற்குள் தொடக்க மதிப்புகளையும் அவற்றை மாற்றும் செயல்களையும் ஒரே ஆப்ஜெக்டாக எழுதுகிறோம். திரும்பக் கிடைப்பது ஒரு ஹுக், அதாவது காம்போனென்டுக்குள் அழைக்கும் ரியாக்ட் செயலி. அதை எந்தக் காம்போனென்டிலும் நேரடியாக அழைக்கலாம். காண்டெக்ஸ்டுக்குச் செய்வதுபோல், தகவலைக் கீழே தரும் ப்ரொவைடர் எதையும் மேலே சுற்றத் தேவையில்லை. அழைக்கும்போது ‘எனக்கு பில் எண் மட்டும் போதும்’ என்று ஒரு சிறு செயலியாகச் சொல்கிறோம். அதுதான் செலக்டர். ஸ்டோரில் எது மாறினாலும் செலக்டர் ஓடும். அது தரும் விடை முந்தைய விடையிலிருந்து வேறுபட்டால் மட்டுமே காம்போனென்ட் ரெண்டர் ஆகும். காண்டெக்ஸ்டில் இல்லாதது இந்த ஒரு வடிகட்டிதான். செலக்டரே இல்லாமல் ஹுக்கை வெறுமனே அழைத்து, வரும் ஆப்ஜெக்டிலிருந்து வேண்டியதைப் பிரித்தெடுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அப்படி எழுதினால் ஸ்டோர் முழுவதையும் கேட்டதாகக் கணக்கு. காண்டெக்ஸ்டில் விட்டு வந்த அதே பிரச்சினை திரும்பி வந்துவிடும்.

திரையை நிறுத்தும் செலக்டர்

4ஆம் பதிப்பிலிருந்து 5க்கு மாறுபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது. பில்லில் எடை இன்னும் போடாத வரிகளை மட்டும் சிவப்பில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். செலக்டருக்குள்ளேயே வரிகளை ஃபில்டர் செய்து திருப்பி அனுப்பத் தோன்றும். ஃபில்டர் ஒவ்வொரு முறையும் புதிய அர்ரேயைத்தான் (வரிசைப் பட்டியல்) தரும். உள்ளே இருக்கும் வரிகள் அதேயானாலும், அர்ரே புதிது. ஒப்பீடு, இரண்டும் அதே ஒன்றுதானா என்று மட்டும் பார்க்கும் ஆப்ஜெக்ட்.இஸ் வழியாக நடப்பதால் ‘மாறிவிட்டது’ என்றே விடை வரும். ரெண்டர் ஆகும், செலக்டர் மறுபடி ஓடும், மறுபடி புதிய அர்ரே, மறுபடி ரெண்டர். 4இல் இது தேவையற்ற ரெண்டரோடு முடிந்துவிடும். 5இல் ரியாக்டின் சொந்த யூஸ்சிங்க்எக்ஸ்டர்னல்ஸ்டோர் ஹுக் (வெளி ஸ்டோரைக் கவனிப்பது) நேரடியாகப் பயன்படுவதால், அப்டேட் ஆழம் எல்லை மீறிவிட்டது என்ற பிழையோடு திரை நின்றுவிடும்.

இதற்கு மருந்து யூஸ்ஷாலோ. செலக்டரை அதற்குள் வைத்தால், அர்ரேயின் அடையாளத்தைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் உருப்படிகளை ஒவ்வொன்றாக ஒப்பிடும். ஃபில்டருக்கு இது போதும். ஆனால் மேப் வைத்து ஒவ்வொரு வரிக்கும் பெயர், தொகை கொண்ட புது ஆப்ஜெக்ட் உருவாக்கினால் யூஸ்ஷாலோவும் காப்பாற்றாது. அது ஒரு படி ஆழம் மட்டுமே பார்க்கும், உள்ளே இருப்பவை எல்லாமே புதியவை. அந்த மாதிரி வேலைக்கு, செலக்டரில் வரிகளை அப்படியே எடுத்துக்கொண்டு, காம்போனென்டுக்குள், வரிகள் மாறாதவரை பழைய விடையையே தரும் யூஸ்மெமோவில் மேப் செய்யுங்கள்.

மொத்தத் தொகைக்கு இந்தக் கவலையே இல்லை. செலக்டருக்குள் எல்லா வரியையும் கூட்டி ஒரே எண்ணைத் திருப்பினால், எண் எண்ணோடு ஒப்பிடப்படும். தொகை மாறினால் மட்டுமே ரெண்டர். ஆகவே மொத்தத்தை ஸ்டோரில் தனி மதிப்பாக வைக்காதீர்கள். வைத்தால், வரியை நீக்கும் ஒரு செயலில் மொத்தத்தைத் திருத்த மறந்துபோகும். பில்லில் நான்கு வரி, தொகை ஐந்து வரிக்கு என்று அச்சாகும். எடையைக் கிராமிலும் காசைப் பைசாவிலும் முழு எண்ணாக வையுங்கள். கிலோ 960 ரூபாய்ப் பருப்பில் 250 கிராம் என்றால் 96000 பைசாவை 250ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்து, அந்த இடத்திலேயே முழு எண்ணாக்கினால் 24000 பைசா. ஜாவாஸ்க்ரிப்டில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது என்பதைக் கடைக்காரரிடம் விளக்க வேண்டிய நிலை வரக்கூடாது.

ஸ்டோரின் வடிவம்

முந்திரி வியாபாரத்தில் 320 என்பது அளவின் பெயர்: ஒரு பவுண்டு எடைக்கு 300 முதல் 320 பருப்பு நிற்கும். 180 என்றால் அதைவிடப் பெரிய பருப்பு. கணினிக்கு இந்த வேறுபாடு தெரியாது. பில் வரிகளை ரகத்தின் பெயரைச் சாவியாகக் கொண்ட ஆப்ஜெக்டில் வைத்தால், எண் போலத் தோன்றும் சாவிகளை ஜாவாஸ்க்ரிப்ட் ஏறுவரிசையில்தான் தரும். வாடிக்கையாளர் முதலில் 320 கேட்டு, பிறகு 180 கேட்டாலும் பில்லில் 180 மேலே போய் உட்காரும். வரிகளை அர்ரேயில் வையுங்கள். ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாள எண் கொடுங்கள். ஒரே ரகம் இரண்டு பொட்டலமாகப் போகும்போதும் இது உதவும்.

ஸ்டோரின் மதிப்புகளை மாற்றும் செட் செயலி ஒரு படி ஆழம் மட்டுமே கலக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஸ்டோரில் வாடிக்கையாளர் என்று ஓர் ஆப்ஜெக்ட், அதற்குள் பெயர், ஊர், ஃபோன். ஃபோன் எண்ணை மட்டும் மாற்ற எண்ணி, வாடிக்கையாளர் என்ற சாவியின் கீழ் ஃபோனை மட்டும் கொடுத்து செட்டை அழைத்தால் பெயரும் ஊரும் அழிந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. அச்சான பில்லில் பெயர் இல்லாதபோதுதான் தெரியும். பழைய ஆப்ஜெக்டை விரித்துப் போட்டு அதன்மேல் ஃபோனை எழுத வேண்டும். இரண்டு படிக்கு மேல் ஆழம் போகிறதென்றால் உள்மதிப்பை நேரடியாக மாற்றுவதுபோல் எழுதவிடும் இம்மர் மிடில்வேரை (ஸ்டோரோடு சேர்க்கும் கூடுதல் வசதி) சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த லைப்ரரியைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

‘புது பில்’ பொத்தானுக்கு, கெட்இனிஷியல்ஸ்டேட் தரும் தொடக்க நிலையைச் செட்டுக்குக் கொடுத்து, இரண்டாவது இடத்தில் ட்ரூ என்று போட்டால் முழுவதும் துடைத்து மாறும். வெறும் தரவை மட்டும் கொடுத்து ட்ரூ போட்டால் செயல்களும் சேர்ந்து துடைக்கப்படும். அடுத்த தட்டலில் ‘இது செயலி அல்ல’ என்ற பிழை. டைப்ஸ்க்ரிப்டில் (தரவு வகைகளைச் சரிபார்க்கும் ஜாவாஸ்க்ரிப்ட்) எழுதுபவர்களை 5ஆம் பதிப்பு இதில் முன்கூட்டியே எச்சரிக்கும். டைப்ஸ்க்ரிப்டில் க்ரியேட்டுக்குப் பின் வெற்று அடைப்பு ஒன்று, செயலியோடு இன்னொன்று என இரண்டு தரம் அடைப்பு போட வேண்டும். அதை விட்டுவிட்டு மிடில்வேர் சேர்த்தால் வரும் பிழைச் செய்தியைப் படித்துக் காரணம் கண்டுபிடிப்பது கடினம்.

எடை மெஷின்

சுஸ்டாண்ட் தன் தகுதியை உண்மையில் காட்டும் இடம் இதுதான். சீரியல் கேபிள் வழியாக இணைந்த எடை மெஷின் நொடிக்குப் பல முறை எடையை அனுப்பும். கம்ப்யூட்டரில் ஓடும் குரோமில் வெப் சீரியல் வசதி வழியாக அதைப் படிக்கலாம். படிக்கும் நிரல் எந்தக் காம்போனென்டுக்குள்ளும் இல்லை. காண்டெக்ஸ்டாக இருந்தால் அதை உள்ளே கொண்டுவரத் தனி ஏற்பாடு வேண்டும். இங்கே ஸ்டோரின் செட்ஸ்டேட்டை வெளியிலிருந்தே நேரடியாக அழைக்கலாம்.

பருப்பைக் கொட்டும்போது முள் 0, 85, 190, 247, 251, 250 என்று ஆடி நிற்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ரெண்டர் தேவையில்லை. எடை காட்டும் பெட்டியில் மட்டும் ஒரு ரெஃப் (அந்தப் பெட்டியை நேரே தொடும் பிடி) வைத்து, காம்போனென்ட் திரைக்கு வந்ததும் ஓடும் யூஸ்எஃபெக்டுக்குள், மாற்றத்தைச் சொல்லும் ஸ்டோரின் சப்ஸ்க்ரைபை அழைத்து, வரும் எண்ணை அந்தப் பெட்டியின் எழுத்தில் நேரடியாகப் போடுங்கள். ரியாக்டுக்கு வேலையே இல்லை. எடை மாறாமல் நின்றபின், உதாரணமாக ஐந்து முறை தொடர்ந்து ஒரே எண் வந்தபின், அதை ‘நிலைத்த எடை’ என்ற தனிச் சாவியில் எழுதுங்கள். பில் வரி அதை மட்டும் செலக்டரால் படிக்கட்டும். சப்ஸ்க்ரைப் திருப்பித் தரும் செயலியை யூஸ்எஃபெக்டிலிருந்து ரிட்டர்ன் செய்ய மறந்தால், பக்கம் மாறி மாறி வரும்போது பழைய இணைப்புகள் குவியும். மதியத்துக்குள் திரை மந்தமாகும்.

மின்சாரம் போனால்

கடலூரிலும் புதுச்சேரியிலும் கார்த்திகை மழை தொடங்கினால் மின்வெட்டு எதிர்பார்க்க வேண்டியதுதான். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது பலருக்கும் நினைவிருக்கும். பாதிப் பில்லில் கணினி அணைந்தால், திரும்ப எழும்போது பில் அப்படியே இருக்க வேண்டும். இதற்கு பெர்சிஸ்ட் மிடில்வேர் கூடவே வருகிறது. பெயர் ஒன்று கொடுத்தால் போதும், ஸ்டோரை பிரவுசரின் லோக்கல்ஸ்டோரேஜில் (அந்தக் கணினியிலேயே சேமிக்கும் இடம்) எழுதி வைக்கும். வசதிதான், ஆனால் இந்த லைப்ரரியில் மிகக் கவனமாகக் கையாள வேண்டிய பகுதியும் இதுவே.

பெர்சிஸ்ட் ஒவ்வொரு செட்டுக்கும் எழுதும். எடை மெஷினின் ஆட்டமும் தேடல் கட்டத்தின் எழுத்துகளும் அதே ஸ்டோரில் இருந்தால், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முழுப் பில்லும் ஜேசன் என்ற எழுத்து வடிவமாக மாறி எழுதப்படும். பார்ஷியலைஸ் வைத்து எழுதும் சாவிகளைக் குறைக்கலாம். எழுதும் தடவைகள் குறையாது. எனவே எடையையும் தேடலையும் பெர்சிஸ்ட் இல்லாத இன்னொரு ஸ்டோரில் பிரித்து வையுங்கள்.

தேதி ஆப்ஜெக்ட் திரும்ப வரும்போது வெறும் எழுத்துத் தொடராக வரும். ஜாவாஸ்க்ரிப்டின் Map, Set தரவு வகைகள் (மேலே சொன்ன மேப், செட் செயலிகள் அல்ல) வெற்று ஆப்ஜெக்டாகிவிடும். தேதியை மில்லிநொடி எண்ணாக வைத்தால் தொல்லையில்லை.

அடுத்தது பதிப்பு எண். அமைப்புகள் என்ற ஆப்ஜெக்டில் புதிதாக ‘பேப்பர் அகலம்’ என்ற சாவியைத் தொடக்க மதிப்போடு சேர்க்கிறீர்கள். புதிய கணினியில் சரியாக ஓடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கடையில் பழைய அமைப்புகள் ஆப்ஜெக்ட் லோக்கல்ஸ்டோரேஜிலிருந்து வந்து புதியதை முழுவதுமாக மூடிவிடும், ஏனென்றால் இங்கும் கலப்பது ஒரு படி ஆழம்தான். பேப்பர் அகலம் காணாமல் போகும், அச்சு உடையும். மெர்ஜ் தேர்வில் ஆழமாகக் கலக்கும் செயலியைக் கொடுக்க வேண்டும். அல்லது சேமிப்பின் பதிப்பு எண்ணை ஒன்று கூட்டி, பழையதைப் புது வடிவத்துக்கு மாற்றும் மைக்ரேட் செயலியை எழுத வேண்டும். எண்ணை மட்டும் கூட்டி மைக்ரேட் எழுதாமல் விட்டால், கன்சோலில் ஒரு பிழையை எழுதிவிட்டுச் சேமித்ததை ஒதுக்கிவிடும்.

ஒரே பெயரில் இரண்டு டேப் திறந்து இரண்டு பில் போட்டால், கடைசியாக எழுதியது மற்றதை அழிக்கும். ஒவ்வொரு டேப்புக்கும் பில் அடையாளத்தைச் சேர்த்துத் தனிப் பெயர் கொடுங்கள். இதையே இன்னும் கொஞ்சம் நீட்டி, இரண்டு கவுண்டரில் இருக்கும் இரண்டு கணினிகளும் ஒரே ஸ்டோரைப் பகிரும் என்று நினைப்பவர்களும் உண்டு. பகிராது. சுஸ்டாண்ட் ஒரு டேப்பின் நினைவகத்துக்குள் வாழ்வது.

அதனால்தான் சர்வரிலிருந்து வரும் சரக்கிருப்பை இதில் நகலெடுத்து வைக்க வேண்டாம் என்கிறோம். ஒரு கவுண்டரில் 320 தீர்ந்திருக்கும். மற்றதில் காலையில் எடுத்த நகல் இன்னும் 40 கிலோ காட்டும். இருப்பு, விலைப்பட்டியல் போன்றவற்றுக்கு சர்வர் தகவலை எடுத்துத் தரும் டான்ஸ்டாக் க்வெரி லைப்ரரி பொருத்தம்: பழசானதா என்று பார்ப்பது, மறுபடி எடுப்பது, தோற்றால் மீண்டும் முயல்வது எல்லாம் அதன் வேலை. பில்லில் ரகத்தின் அடையாளத்தையும், பில் போட்ட நேரத்து விலையையும் மட்டும் வையுங்கள்.

புதுச்சேரியில் விடுதி அறை முன்பதிவுத் தளங்களை ரியாக்டைச் சர்வரிலும் ஓட்டும் நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸில் செய்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. கோப்பின் மேல்மட்டத்தில் உருவாக்கிய ஸ்டோர் சர்வரில் எல்லாக் கோரிக்கைக்கும் பொதுவாகிவிடும். சர்வரில் ரெண்டர் ஆகும்போது அதில் எதையாவது எழுதினால், ஒருவர் தேர்ந்த அறை இன்னொருவரின் பக்கத்தில் தெரியக்கூடும். க்ரியேட்ஸ்டோர் வைத்துக் கோரிக்கைக்கு ஒன்றாக உருவாக்கி, காண்டெக்ஸ்ட் வழியாகக் கொடுக்க வேண்டும். பெர்சிஸ்ட் இருந்தால், தேர்ந்த அறைகளின் எண்ணிக்கையைப் பக்கம் முதலில் 0 என்று காட்டி, பிறகு 3 என்று மாறும். சேமித்தது வந்து சேரும்வரை அந்த எண்ணைக் காட்டாமல் விடுவதே கண்ணுக்கு நல்லது.

இதே வேலைக்கான இன்னொரு லைப்ரரியான ரெடக்ஸ் டூல்கிட் பற்றிக் கேட்பவர்களுக்கு: பத்துப் பேர் ஒரே திட்டத்தில் எழுதும்போது எல்லோரும் ஒரே ஒழுங்கில் எழுத வேண்டுமென்றால் அதன் கட்டுப்பாடு நல்லது. சுஸ்டாண்ட் எதையும் கட்டாயப்படுத்தாது; ஒழுங்கை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். நடந்த மாற்றங்களைப் பட்டியலிடும் ரெடக்ஸின் டெவ்டூல்ஸ் நீட்சி, டெவ்டூல்ஸ் மிடில்வேரைச் சேர்த்தால் இதிலும் வேலை செய்யும். செட்டின் மூன்றாவது இடத்தில் செயலின் பெயரைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் பட்டியலில் ‘அனானிமஸ்’ என்று நிற்கக்கூடும், எந்தத் தட்டல் பில்லைக் கெடுத்தது என்று தேடுவது கடினம்.

கடையில் ஒப்படைக்கும் முன் ஒரு சோதனை கட்டாயம். ஆறு வரி ஏற்றி, சற்று நேரம் விட்டு, ஏழாவதை ஏற்றிய உடனே கணினியின் ப்ளக்கைப் பிடுங்குங்கள். திரும்ப எழுந்ததும் ஆறு வரி நிச்சயம் இருக்க வேண்டும். ஏழாவது இருக்கலாம், இல்லாமலும் போகலாம், ஏனென்றால் லோக்கல்ஸ்டோரேஜில் எழுதியதைப் பிரவுசர் அந்த நொடியே டிஸ்கில் பதிக்கும் என்ற உறுதி கிடையாது. பாதிப் பில்லுக்கு இந்த இழப்பைத் தாங்கலாம். பணம் வாங்கி முடித்த பில்லுக்குத் தாங்க முடியாது. அது சர்வருக்குப் போய், ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் கிடைத்த பிறகே ‘புது பில்’ பொத்தான் இயங்கும்படி வையுங்கள்.